எந்தக் கண் என்று மூன்று முறை பார்த்தேன்

மருத்துவமனையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று தரணி இரண்டு மாதமாக என்னை விடவில்லை. எனக்குப் பிறகு கண் பரிசோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவள். கெட்டிக்காரி. "உங்க அனுபவத்த எழுதுங்க சார், புதுசா வர்ற பசங்களுக்கு இன்ஸ்பிரேஷனா இருக்கும்" என்றாள். நல்ல இன்ஸ்பிரேஷன் போங்கள். முப்பத்தொரு வருடம் இருட்டறையில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்குதுங்களா, இல்ல இதுங்களா" என்று கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டவனிடம் என்ன இருக்கிறது? எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன்.

போன மாதம் என் கண்ணையே காட்டிக்கொள்ள அங்கே போனேன். நான் உட்கார்ந்திருந்த அறையில் இப்போது ஒரு பையன் இருந்தான். கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, நடுவில் தெரியும் புள்ளியைப் பாருங்கள் என்றான். பார்த்தேன். சில விநாடிதான். "உங்களுக்கு வலது கண் டாமினன்ட் சார்" என்றான். என்னிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லையே என்றேன். "பேஷண்ட்ட எதுக்கு சார் கேக்கணும், அதுவே சொல்லிரும்" என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு அது ஆறவில்லை. அன்றைக்குத்தான் எழுதுவது என்று முடிவு செய்தேன். தரணி இதை அச்சில் போடுவாளா என்று தெரியாது. போடாவிட்டால் அவள்மேல் வருத்தமில்லை.

விஷயம் இதுதான். கைகளில் வலது கைப் பழக்கம், இடது கைப் பழக்கம் இருப்பதுபோல் கண்ணிலும் ஒன்று முன்னே நிற்கும். இரண்டு கண்ணும் திறந்திருந்தாலும் குறி பார்ப்பது ஒரு கண்தான். இன்னொன்று கூட வரும். அதை ஆதிக்கக் கண் என்று புத்தகத்தில் போடுவார்கள். எங்கள் பிரிவில் 'மூத்த கண்' என்போம். இரண்டு கண்ணும் வேறு வேறு சேதி சொன்னால் மூளை மூத்த கண் சொல்வதைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். வலது கைக்காரனுக்கு வலது கண்தான் மூத்தது என்று கிடையாது. அங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள்.

நான் டிப்ளமோ முடித்து, உக்கடத்தில் ஒரு வாடகை அறையில் நாலு பேரோடு படுத்துக்கொண்டு வேலைக்குப் போன காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் அப்படித்தான் போனார்கள். சொல்ல வேண்டியது பெரிய டாக்டரைப் பற்றி. மருத்துவமனை அவருடையது. இப்போது அவர் இல்லை. இல்லாதவரைப் பற்றி எழுதக்கூடாது என்பார்கள். நான் என்னைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதில் அவர் வருகிறார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கூட்டுகிற பெண்ணைக் கூட 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்கெல்லாம் 'ஏனுங்க தம்பி'. வந்த புதிதில் ஒருவருடைய கண்ணாடிச் சீட்டில் கோணத்தைத் தப்பாக எழுதிவிட்டேன். அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நான் பாதிக் காபி குடித்த பிறகு சீட்டை என் பக்கம் நகர்த்தி, "ஏனுங்க தம்பி, இத எழுதுனது நம்ம ஆஸ்பத்திரி ஆளுங்களா, இல்ல வெளியில இருந்து யாராச்சும் வந்து எழுதிட்டுப் போனாங்களா?" என்று கேட்டார். மீதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். ஒருவன் திட்டினால் திருப்பி மனசுக்குள்ளாவது திட்டிக்கொள்ளலாம். இவரிடம் அதற்கும் வழியில்லை. அதன்பிறகு எங்களில் யாருக்காவது அந்த அறைக்குக் காபி போகிறது என்றால் மற்றவர்கள் பாவம் பார்ப்போம்.

ஆனால் தொழில் தெரிந்த மனிதர், அதை மறைக்கக்கூடாது. மூத்த கண்ணைக் கண்டுபிடிக்கும் முறையை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். காலண்டர் அட்டை அளவுக்கு ஒரு கறுப்பு அட்டை. நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. நோயாளி அதை இரண்டு கையாலும் பிடித்து, கையை நீட்டி, நடைவழிக் கடைசியில் எரியும் சிவப்பு பல்பை ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டும். நான் ஒரு கண்ணை மறைப்பேன். பல்பு தெரிந்துகொண்டே இருந்தால் மறைத்தது இளைய கண். காணாமல் போனால் மறைத்தது மூத்த கண். அவ்வளவுதான், குழந்தை கூடச் செய்யலாம்.

செய்யலாம், ஆனால் அவர் வைத்திருந்த கட்டுப்பாடுகள் இருக்கிறதே. ஒரு கையால் பிடித்தால் அட்டை அந்தப் பக்கம் இழுக்கும், அதனால் இரண்டு கை. ஒவ்வொரு தடவையும் கையைக் கீழே இறக்கச் சொல்லி, மூச்சு விடச் சொல்லி, மறுபடி தூக்கச் சொல்ல வேண்டும். நாம் நோயாளிக்குப் பின்னால் நிற்க வேண்டும், நம் முகம் அவர் கண்ணில் படக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது கேள்வி. "தெரியுதுங்களான்னு கேக்கப்படாதுங்க தம்பி. நம்மூருக்காரங்க, நீங்க என்ன கேட்டாலும் ஆமாங்கன்னுதான் சொல்லுவாங்க. என்ன தெரியுதுன்னு கேளுங்க. அவங்க வாயில இருந்து வரட்டும்." இதைச் சொன்ன அதே மனிதர்தான் இனி நான் சொல்லப்போவதிலும் வருகிறார்.

நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் அவர் ஒரு படம் மாட்டி வைத்திருந்தார். ஒரே நீளத்தில் இரண்டு கோடு. ஒன்றின் முனைகளில் அம்புத்தலை உள்நோக்கி, இன்னொன்றில் வெளிநோக்கி. பார்த்தால் ஒன்று நீளமாகத் தெரியும். புதிதாகச் சேர்கிறவர்களை அதன்முன் நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்வார். எனக்கு வலது கண்ணில் கொஞ்சம்தான் ஏமாற்றும், இடது கண்ணில் நன்றாகவே ஏமாற்றும். தரணிக்கு இரண்டிலும் ஒன்றுபோல. இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கண்ணுக்குக் கண் பொய் வேறுபடும் என்பது மட்டும் பிடிபட்டது.

நல்லதும் நடந்திருக்கிறது. மதுக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். தூக்குக் குண்டு பிடித்துத்தான் சுவர் எழுப்புகிறார், ஆனாலும் சுவர் சாய்கிறது என்று சண்டை. கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. அட்டையைக் கொடுத்தேன். இடது கண் மூத்தது. நூலை எந்தக் கண்ணால் பார்ப்பீர்கள் என்றேன். வலது கண்ணால், தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் பார்ப்பார் என்றார். மனிதர் இருபது வருடமாக மூத்த கண்ணை மூடிக்கொண்டு இளைய கண்ணால் சுவர் கட்டியிருக்கிறார். கண்ணை மாற்றிப் பாருங்கள் என்று அனுப்பினேன். அடுத்த மாதம் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தார். பெரிய டாக்டர் அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். அன்றைக்கு நான் காற்றில் நடந்தேன்.

இனி ஆறுச்சாமியைப் பற்றி எழுத வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு வருடம் முன்பு. சிங்காநல்லூருக்கும் உக்கடத்துக்கும் இடையில் ஓடும் தனியார் பஸ்ஸின் ஓட்டுநர். ஐம்பது தாண்டியிருந்தார். சர்க்கரை வந்து இரண்டு கண்ணிலும் புரை சீக்கிரமே விழுந்துவிட்டது. அப்போது எங்கள் மருத்துவமனையில் 'கண்ணாடி இல்லாத பார்வை' என்று ஒன்றைப் புதிதாகப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அறுவை செய்யும்போது மூத்த கண்ணில் தூரத்துக்கான லென்ஸ், இளைய கண்ணில் கிட்டத்துக்கான லென்ஸ். தூரத்தை ஒரு கண் பார்த்துக்கொள்ளும், பேப்பரை இன்னொரு கண் படித்துக்கொள்ளும், மூளை இரண்டையும் சமாளித்துக்கொள்ளும். நிறையப் பேருக்கு ஒத்துப் போயிற்று, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கண் மூத்தது என்பதில் தப்பக்கூடாது. மூத்த கண்ணில் தூரம் மங்கலாகிவிட்டால் மூளை அதை ஒதுக்கித் தள்ளாது. தள்ளிப் பழக்கமில்லை.

ஓட்டுநருக்கு இதைச் செய்யலாமா என்று அப்போதே ஒரு இளம் டாக்டர் முணுமுணுத்தார். ஆனால் ஒரு பஸ் ஓட்டுநர் கண்ணாடி இல்லாமல் ஓட்டுகிறார் என்று விளம்பரப் போர்டு வைத்தால் எப்படி இருக்கும்? அந்த யோசனை யாருக்கு வந்ததோ, ஆறுச்சாமியைப் படம் எடுத்தாகிவிட்டது.

வலது கண் அறுவை நடந்தபோது நான் மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தேன். அட்டைப் பரிசோதனையை யாரும் செய்யவில்லை. அவர் வலது கையால் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, பெரிய டாக்டரே கேஸ் ஷீட்டில் மூத்த கண் வலது என்று எழுதி, அதில் தூர லென்ஸ் வைத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து இடது கண் அறுவைக்கு ஆறுச்சாமி வந்தபோது, அட்டைப் பரிசோதனை விட்டுப்போயிருக்கிறதே என்று நான்தான் செய்தேன். கையை இறக்கி, ஏற்றி, பின்னால் நின்று, என்ன தெரியுதுங்க என்று கேட்டு, முறைப்படி செய்தேன். மூன்று தடவையும் இடது.

அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. இடது கண்ணிலும் தூர லென்ஸ் வைத்துவிட்டால் போதும். பேப்பர் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வார். பஸ் ஓட்ட ஒரு குறையும் இருக்காது. போர்டில்தான் கண்ணாடி இல்லாத பார்வை என்று போட முடியாது.

சீட்டில் 'இடது' என்று எழுதிக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். வெளியூர் டாக்டர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சீட்டைப் பார்த்தார். எனக்குக் காபி சொன்னார். மகள் கல்யாணம் நல்லபடி நடந்ததா, மாப்பிள்ளை எங்கே வேலை என்றெல்லாம் கேட்டார். பிறகு, "இன்னொருக்காப் பாத்துருங்க தம்பி. அவசரமில்லீங்க" என்றார். கேஸ் ஷீட்டைத் திறந்தே வைத்திருந்தார். அவருடைய மை பேனாவில் 'வலது' என்று பெரிதாக இருந்தது.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். இடது. மறுபடி போய்ச் சொன்னேன். "அப்படிங்களா" என்றார். சீட்டை என் பக்கமே திருப்பி நகர்த்தினார். "அவரும் களைச்சிருப்பாருங்க. கடைசியா ஒரே ஒரு தடவை பொறுமையாப் பாத்துருங்க. நீங்க என்ன எழுதறீங்களோ அதுதானுங்க." வெளியூர் டாக்டர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், எவ்வளவு மரியாதையான மனிதர் என்பதுபோல.

அவர் என்னிடம் மாற்றி எழுது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கத்தியிருந்தால் வந்திருக்குமோ என்னவோ. சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவது முறை நான் ஆறுச்சாமிக்குப் பின்னால் நிற்கவில்லை. முன்னால் ஒரு ஓரமாக நின்றேன். கையை இறக்கச் சொல்லவில்லை. அவர் இடது கண்ணை மறைத்துவிட்டு, "லைட்டு தெரியுதுங்களா?" என்று கேட்டேன். அவர் அட்டைக்கு மேலே வலது கண்ணை உயர்த்தி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "தெரியுதுங்க" என்றார். என் கையெழுத்தில் 'வலது' என்று எழுதினேன். அன்று மாலை அவருடைய இடது கண்ணில் கிட்டத்து லென்ஸ் ஏறியது.

முதல் இரண்டு வாரம் அவருக்குச் சந்தோஷம். பேப்பரில் பொடி எழுத்தெல்லாம் படிக்கிறேன் என்று போனில் சொன்னார். போர்டும் வைத்துவிட்டார்கள், ஸ்டியரிங்கைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு. மறுபடி வேலைக்குப் போன சில நாளில் என்னைத் தேடி வந்தார். கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார்: நேரே வருகிற வண்டி சரியாக இருக்கிறது, குறுக்கே வருகிற வண்டிகள் வளைந்து வருகின்றன. இடப்பக்கத்துச் சந்திலிருந்து வருவது பக்கத்தில் வந்துவிட்டதுபோல் இருக்கிறது, வலப்பக்கத்திலிருந்து வருவது தூரத்தில் இருப்பதுபோல் இருக்கிறது. டாக்டரிடம் சொன்னால் புது லென்ஸ், பழகிவிடும் என்கிறார். "எனக்குத்தான் ஏதாச்சும் புத்தி கித்தி பிசகிப் போச்சுங்களா சார்?" என்று கேட்டார். நானும் பழகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது தடவை வந்தபோது கதவைச் சாத்திவிட்டு, என் அறைச் சாவியை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மேஜை விளிம்போடு ஒட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நேர்கோட்டில் ஆடவிட்டேன். எப்படி ஆடுதுங்க என்று கேட்டேன்.

"ஆடலீங்க, சுத்துதுங்க. செக்கு சுத்தற மாதிரி" என்றார்.

சோதனைச் சட்டத்தை அவர் முகத்தில் மாட்டி, இடது கண்ணுக்கு மட்டும் தூரக் கண்ணாடிச் சில்லு ஒன்றைப் போட்டேன். சாவி நேராக ஆடியது. எடுத்தேன், சுற்றியது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. புத்தி பிசகவில்லை என்று தெரிந்துவிட்டதே. எனக்குத்தான் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. மங்கலான கண்ணின் சேதி தெளிந்த கண்ணின் சேதியைவிட இமைக்கும் நேரத்தில் ஒரு துளி முந்திப் போய்ச் சேர்கிறது. ஓடுகிற பொருளை இரண்டு கண்ணும் வெவ்வேறு இடத்தில் பார்க்கின்றன. மூளை அந்த நேர வித்தியாசத்தைத் தூர வித்தியாசம் என்று எண்ணிவிடுகிறது. மங்கலானது இளைய கண்ணாக இருந்தால் மூளை அதை அதிகம் காதில் போட்டுக்கொள்ளாது என்பது நான் நோயாளிகளிடம் பார்த்தது. இவருக்கு மூத்த கண்ணை அல்லவா மங்கலாக்கி வைத்திருக்கிறோம்.

ஒரு சாதாரணக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எழுதும் அதிகாரம் எனக்கே உண்டு. ஆனால் அது போர்டில் இருக்கிற முகம். பெரிய டாக்டரிடம் கேட்கப் போனேன். "கண்ணாடி எழுதுனா, நாம அவருக்குச் சொன்ன வாக்கு என்னாகறதுங்க தம்பி? ஒரு மாசம் பாக்கலாமுங்க" என்றார். சரிங்க என்றேன். எத்தனை சரிங்க. ஆறுச்சாமியிடம் வந்து ஒரு மாதம் பார்க்கலாம் என்றேன். "நீங்க சொன்னாச் சரிங்க சார்" என்று எழுந்து போனார். அந்தச் சில்லு அப்போதும் என் கையில்தான் இருந்தது.

மாதம் முடிவதற்குள் நடந்துவிட்டது. திருச்சி சாலையில் இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு மொபெட் வந்திருக்கிறது. அது எங்கோ வந்துகொண்டிருந்தது, இவருக்குச் சக்கரத்தில் விழுந்துவிட்டதுபோல் தெரிந்திருக்கிறது. முழு பிரேக்கையும் மிதித்துவிட்டார். பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த பூக்காரப் பெண் கம்பியில் மோதி விழுந்து கை முறிந்துவிட்டது. ஒன்றுமில்லாத ரோட்டில் எதற்குப் பிரேக் போட்டாய் என்று பஸ்ஸில் இருந்தவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது தடவை மனைவி ருக்குமணியோடு வந்தார். ஸ்பின்னிங் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்கிறவர் அந்த அம்மா. பெரிய டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்து, கேஸ் ஷீட்டை அவர்கள் பக்கம் திருப்பினார். "நம்ம சார் மூணு தடவை பாத்து எழுதியிருக்காருங்க. ஆபரேஷன்ல ஒரு குத்தமும் இல்லீங்க அம்மணி. சில பேர் ஒடம்புக்கு இது ஒத்துக்காதுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அப்படித்தானுங்களே தம்பி?" என்றார்.

"அப்படித்தானுங்க" என்றேன்.

அப்போதே தாராளமாகக் கண்ணாடி எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். போட்டதும் வண்டிகள் நேராக வந்தன. ஆனால் எந்த முதலாளியும் வண்டி தரவில்லை. கண்ணாடி போட்ட ஓட்டுநர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒன்றுமில்லாத ரோட்டில் பிரேக் போட்டவர் என்று பெயர் வாங்கியவர் இவர் ஒருவர்தான். கண்ணாடி போட்டது யாருக்குத் தெரிகிறது? அவர் சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் போர்டில் ஒரு வருடம் வரை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நான் எதைக் கேட்டேன்?

பிறகு வருடத்துக்கு ஒரு தடவை கண் காட்ட வருவார். டோக்கன் வாங்கும்போதே என் பெயரைச் சொல்லி, அவர் பார்த்தால் போதும் என்பாராம். வேறு பையன்கள் கூப்பிட்டாலும் போக மாட்டார், எனக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். மூன்று தடவை பொறுமையாகப் பார்த்தவர் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் என்னைக் காட்டுவார். நான் ஓய்வு பெறும்வரை இது நடந்தது. எனக்குச் சால்வை போட்ட நாளில் மறக்க முடியாத கேஸ் எது என்று தரணி மைக்கில் கேட்டாள். வாழைத்தார் கொத்தனாரைச் சொன்னேன். கை தட்டினார்கள்.

டேப்லெட் சொன்ன நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிங்காநல்லூருக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை, பஸ் நிலையத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து சட்டையைத் தேடினார். சொல்லி அனுப்பியிருந்தால் நானே வந்திருப்பேனே என்று நாலு தடவை சொன்னார். இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றார். உட்காருங்கள் என்று கெஞ்சி, கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தேன். ருக்குமணி உள்ளே மோர் கரைத்துக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. நேராகச் சொன்னேன். அட்டை இரண்டு தடவையும் இடது கண்ணைத்தான் காட்டியது, மூன்றாவது தடவை முறை தவறிக் கேட்டு நான்தான் வலது என்று எழுதினேன், உங்கள் உடம்புமேல் எந்தக் குற்றமும் இல்லை, எழுதும்போதே எனக்குத் தெரியும் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்றுதான் போயிருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். பிறகு, ஏதோ என்னைச் சமாதானப்படுத்துவதுபோலச் சொன்னார்:

"எனக்குந் தெரியுமுங்க சார். நீங்க அந்தக் கண்ண மறைச்சதும் லைட்டு காணாமப் போச்சுங்க. வெறும் அட்டதான் தெரியுது, லைட்டு இல்ல. தெரியுதுங்களான்னு கேட்டுட்டு முன்னால வந்து நின்னீங்க. மணி ரெண்டாகப் போகுது. சோறு தண்ணி இல்லாம, மொகமெல்லாம் வாடிப் போயி நிக்கறீங்க. நம்மால ஒரு மனுசன் இப்பிடிச் சிரமப்படறாரேன்னு, தெரியுதுன்னு சொல்லிப்போட்டனுங்க. எந்தக் கண்ணுன்னு எழுதறது சும்மா ரெக்கார்டுக்குன்னு நெனச்சனுங்க. தப்பு எம்மேலயுந்தானுங்க."

சமையலறை வாசலில் ருக்குமணி இரண்டு டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. டம்ளர்களைத் தரையில் வைத்தார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றார். குரல் உயரவில்லை. "நீங்க அந்த டாக்டருக்கு மரியாத பண்ணுனீங்க. இவரு உங்களுக்கு மரியாத பண்ணுனாரு. இவரு ஒடம்புதான் ஒத்துக்கலன்னு இத்தன வருசமா நானு கோயில் கோயிலா நேந்துக்கிட்டுத் திரியறேன். மில்லுல ரெண்டு ஷிப்டு நின்னு காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. எனக்கு யாரு மரியாத பண்ணுனது?"

அந்த வீட்டில் நான் கேட்ட பேச்சில் அதில் மட்டும்தான் 'சரிங்க', 'ஆமாங்க' என்று பணிந்து ஒட்டும் ஒரு 'ங்க' கூட இல்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருவர் உண்மையாகக் கேட்ட கேள்வியும் அதுதான். கேட்டுவிட்டு ருக்குமணி உள்ளே போய்விட்டார்.

ஆறுச்சாமி அவமானத்தில் குன்றிப் போய்விட்டார். கட்டிலிலிருந்து எழுந்து வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அவளுக்குப் பேசத் தெரியாதுங்க. பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கங்க."

நான், "பரவாயில்லீங்க" என்றேன்.